சத்தியபாமாவுக்கு மட்டும் தெரியாத வருத்தம்

பத்மநாதன் வழக்கம்போலத் தன் கத்தியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதிப் பொது மண்டபத்தின் சமையலறையில் பதினொரு ஆண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மகேசனின் மகள் யதுர்ஷாவுக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. ஒஸ்லோவில் தமிழர் வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாள் ஆண்கள் கூடி மரக்கறி வெட்டுவார்கள், அடுப்பில் ஏற்றிய பெரிய கிடாரத்துக்கு முன்னால் பத்மநாதன் நிற்பார். பதினைந்து வருட வழக்கம் அது. யாரும் எதையும் வெட்டலாம். உப்புப் போடும் கை மட்டும் அவருடையது.

மகேசன் வாசலிலேயே மறித்தார்.

"அண்ணை, நீங்கள் இருங்கோ. இந்தமுறை உவங்கள் பாக்கட்டும்."

"எவங்கள்? உவன் கபிலனோ? உவன் உப்பெண்டு சொல்லிச் சீனியைக் கொட்டுவான்."

வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பு எழும். அன்று எழவில்லை. கபிலன் கூடக் குனிந்து வெங்காயத்தைப் பார்த்தான்.

மகேசனின் மனைவி யோகராணி தேநீர்த் தட்டோடு வந்தாள். பதினொரு பீங்கான் கப்புகள், ஒரு கடதாசிக் கப். கடதாசிக் கப் பத்மநாதன் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி நீட்டினாள்.

"அண்ணை, இது உங்களுக்கு. கழுவுற கரைச்சல் இல்லை."

பத்மநாதன் அந்தக் கப்பை எடுத்தார். மற்றவர்களின் கைகளைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். கத்தரிக்கோல் எடுக்க வந்து வாசலில் நின்ற சத்தியபாமாவின் மீது அவர் பார்வை விழுந்து, அங்கேயே நின்றது.

சத்தியபாமா கபிலனின் மனைவி. மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தமிழுக்கும் நோர்வேஜியனுக்கும் இடையில் மொழிபெயர்ப்பது அவள் தொழில். ஐந்து வருடமாகச் செய்கிறாள். பத்மநாதனின் நோய் என்னவென்று அவர் வாயாலேயே கேட்டறிந்த தமிழ் ஆள், அவர் வீட்டாரைத் தவிர, அவள் ஒருத்திதான். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. 'நான் சொல்லேல்லை' என்று அந்த இடத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் எதைச் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். அந்த இரண்டு சொற்களைச் சொன்னாலே எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும்.

பத்மநாதன் தேநீரைக் குடிக்காமல் வைத்தார். கத்தியை மறுபடி தாளில் சுற்றினார். "தலையிடிக்குது. போட்டு வாறன்" என்று இறங்கிப் போனார்.

மகேசன் இளவயதில் ஊரில் தேநீர்க் கடைகளில் சில சாதியாருக்குத் தனிப் பேணி, தனித் தகரக் குவளை, வைத்திருந்ததை எதிர்த்து மறியலில் இருந்தவர். பொலிஸ் அடித்த தழும்பு முழங்காலில் இருக்கிறது. மேடை கிடைத்தால் காட்டுவார். அவர் அந்தக் கடதாசிக் கப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பை வாளிக்குள் போட்டார். பிறகு கையைக் கழுவினார்.

அண்ணைக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

*

அது 2004ஆம் ஆண்டு ஆனி மாதம். சிகிச்சை தொடங்கிப் பதினான்காவது வாரம்.

பங்குனியில் மருத்துவமனையில் நடந்த முதல் சந்திப்புக்கு, வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியில் பேசினால் போதும் என்று பத்மநாதன் கேட்டிருந்தார். அன்று பார்த்துத் தொலைபேசி இணைப்பு வேலை செய்யவில்லை. தாதி சத்தியபாமாவைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நீங்கள் எல்லிங்ஸ்ருட்டிலை இருக்கிற ஆள்தானே? கபிலன்ரை மனிசி?"

"ஓம் அண்ணை. இஞ்சை கேக்கிறது இஞ்சையே கிடக்கும். வெளியிலை கண்டாலும் நானாய் உங்களோடை கதைக்கமாட்டன். விருப்பம் இல்லையெண்டால் இப்பவே சொல்லலாம்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மருத்துவர் ஒரு படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: போதை ஊசி போட்டதுண்டா? பச்சை குத்தியதுண்டா? மது எவ்வளவு?

மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. நோயாளி 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்லவேண்டும். எனவே சத்தியபாமா நோர்வேஜியனில் சொன்னாள்: நான் வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. எண்பத்தேழில் ஷெல் துண்டு தொடையைக் கிழித்தது. எனக்கு மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். யாருடைய இரத்தம் என்று தெரியாது. வரிசையில் நின்று கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மருத்துவர் ஓரத்தில் எழுதினார். அந்த இரத்தம் ஏற்றப்பட்டபோது இந்தக் கிருமிக்குப் பெயரே வைக்கப்பட்டிருக்கவில்லை என்றும், அதைத் தேடிப் பார்க்கும் சோதனை பிறகுதான் வந்தது என்றும் சொன்னார். ஹெபடைடிஸ் சி, மூன்றாம் வகை. வாரம் ஒரு ஊசி வயிற்றுத் தோலில், காலையும் மாலையும் குளிகை, இருபத்துநான்கு வாரம். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு முற்றாக மாறுகிறது. இடையில் விட்டால் கிருமி திரும்பிவிடும்.

"காய்ச்சல் வரும், மெலிவீர்கள், கோபம் வரும்" என்றார் மருத்துவர்.

"கோபம் ஏற்கெனவே இருக்கு" என்றார் பத்மநாதன். சத்தியபாமா அதையும் மொழிபெயர்த்தாள்.

நான்காம் வாரத்தில் இரத்தத்தில் கிருமியைக் காணவில்லை. மருத்துவர் கை கொடுத்தார். ஆனால் எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் ஈரல் அளவுகள் காரணம் இல்லாமல் ஏறின. வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா என்று மருத்துவர் இரண்டுதரம் கேட்டார். இல்லை என்று அவர் இரண்டுதரமும் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார்.

*

சாமத்தியவீடு முடிந்த புதன்கிழமை, மொழிபெயர்ப்பு அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் வந்தாள்.

"உங்கள்மீது முறைப்பாடு வந்திருக்கிறது. நோயாளி தானே தாதிக்கு அழைத்து நோர்வேஜியனில் சொல்லியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: தொல்க் ஸ்னக்கெத். அல்லெ வெத்."

மொழிபெயர்ப்பாளர் கதைத்துவிட்டார். எல்லாருக்கும் தெரியும். பதினாறு வருடம் நோர்வேயில் இருந்த மனிதர், தன் சொந்த வாயால் உண்டாக்கிய நான்கு சொற்கள். அலுவலகத்துக்கு அவை போதுமாக இருந்தன.

"நான் யாரிடமும் சொல்லவில்லை."

"விசாரிப்போம். அதுவரை உங்களுக்கு வேலை தர முடியாது."

"யாரை விசாரிப்பீர்கள்?"

"அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை. இரகசியம் காக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா?"

அந்த வார மருத்துவமனைச் சந்திப்புக்கு அவர் போகவில்லை என்பதையும் அவள் அந்த அழைப்பிலேயே அறிந்துகொண்டாள். 'நோயாளி வரவில்லை, அதனால் உங்கள் பழைய முன்பதிவு தானாகவே இரத்து' என்றாள் அந்தப் பெண். மருத்துவர் எழுதித் தந்தால்தான் அடுத்த மாத ஊசி கிடைக்கும். சத்தியபாமா மனத்துக்குள் கணக்குப் பார்த்தாள். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் மூன்று ஊசிதான் இருக்கும்.

ஒரு கிழமைக்குள் அவளுடைய பெயர் ஒஸ்லோவின் தமிழர் பகுதிகளில், ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து எல்லிங்ஸ்ருட் வரை, போய்த் திரும்பியது. மருத்துவமனைத் தாதி ஒருத்தியை ரயிலில் கண்டபோது அவள் சொன்னாள்: இப்போது தமிழ் நோயாளிகள் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்கிறார்கள். மார்பில் கட்டியோடு வந்த ஒரு தாய் பத்து வயது மகளைக் கூட்டி வந்தாளாம். பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியவில்லை. 'அம்மாவுக்கு உருண்டை' என்று சொன்னதாம். சத்தியபாமா இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினாள். தன் நிறுத்தம் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

கபிலனுக்குப் பொறுக்கவில்லை.

"நேரை போய்க் கேளும். 'அண்ணை, நான் எப்ப சொன்னனான், ஆருக்குச் சொன்னனான்' எண்டு."

"எதைப் பற்றி?"

"அவற்றை வருத்தத்தைப் பற்றி!"

"அவருக்கு வருத்தமோ?"

"உமக்கென்ன விசரே? முழு ஒஸ்லோவும் அவற்றை ஈரலைப் பற்றிக் கதைக்குது. உமக்கு மட்டும் தெரியாதோ?"

"எனக்கு மட்டும் தெரியாது" என்றாள் சத்தியபாமா. சோற்றுப் பானையை அவள் வைத்த சத்தத்தில் கபிலன் வாயை மூடினான்.

*

முறைப்பாடு வந்து இரண்டு கிழமை கழித்து, ஹவுகன்ஸ்டுவாவில் அல்பிரட்டின் தமிழ்க் கடையில் அவள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பத்மநாதனின் மனைவி கமலேஸ்வரி உள்ளே வந்தாள். கடையில் இன்னும் மூன்று பெண்கள் நின்றார்கள்.

"கமலேஸ்வரி அக்கா!" என்று கல்லாவிலிருந்து அல்பிரட் கூவினார். "உங்கடை பார்சல் வந்திட்டுது. சித்திரையிலை வந்ததைவிட இது பாரம் கூட. மூண்டு நாளாய் இதிலைதான் கிடக்குது. வாறவை போறவை எல்லாம் அண்ணைக்கு எப்பிடி எண்டு விசாரிக்கினம்."

அவர் தூக்கி வைத்தது ஒரு பால்மாத் தகரம். கீழ்க்காய்நெல்லியும் வேறு வேர்களும் சேர்த்து இடித்த பொடி. ஊரில் ஒரு வைத்தியர் கட்டிக் கொடுத்தது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக ஏதாவது சுமந்தார்கள். தகரம் யாழ்ப்பாணத்தில் ஒரு வான்காரரிடம் ஏறி, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடுமுறைக்குப் போன பேர்கன் நகரத்துக் குடும்பம் ஒன்றின் பெட்டியில் பறந்து, பேர்கனிலிருந்து பேருந்தில் ஒஸ்லோவுக்கு வந்திருந்தது. இப்படிக் கைமாறும் பொருள் தொலையாமல் இருக்க ஒரே வழி, மேலே எல்லாவற்றையும் எழுதிவிடுவது. எழுதியிருந்தார்கள். தடித்த கறுப்புப் பேனாவால், தகரத்தைச் சுற்றி:

பத்மநாதன், ரொம்சோஸ், நோர்வே. வயது 51. ஈரலில் கிருமி. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். அவசரம்.

அவசரம் என்பதன் கீழ் இரண்டு கோடு. அதன் கீழே சுமந்தவர்களின் பெயர்கள், ஒவ்வொருவர் கையெழுத்திலும்.

சத்தியபாமா அதை ஒருதரம் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். கையில் இருந்த முருங்கைக்காய் முறிந்தது.

தன் பெயர் எப்படிக் கெட்டது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அடுத்ததாக எட்டாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் நினைவுக்கு வந்தன. முதல் தகரம் சித்திரையில் வந்திருக்கிறது, அதிலும் இப்படியே எழுதியிருப்பார்கள். காரணம் இல்லாமல் ஏறிய அளவுகளுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். இந்த இரண்டாவது தகரத்தின் விளைவை அளந்து பார்க்க இப்போது மருத்துவரும் இல்லை. மனிதர் போவதை நிறுத்திவிட்டார்.

சொன்னால் தொழில் விதியை முறித்தவள் ஆவாள், முறைப்பாடு உண்மையாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பொடி நாளைக் காலை அவர் வயிற்றுக்குள் போகும்.

அவள் தோள்பையைத் திறந்தாள். போன மாரியில் ஒரு நோயாளர் அமைப்புக்காக அவளே தமிழாக்கிய கையேடு அதில் ஒரு கட்டு இருந்தது: ஹெபடைடிஸ் சி, புதிய சிகிச்சை, நோயாளருக்கான தகவல். மருத்துவமனையில் எட்டு மொழிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். தமிழ் அடுக்கு மட்டும் குறையவேயில்லை. எடுப்பதை யாராவது கண்டால், எடுத்தவருக்கு நோய் என்று ஆகிவிடும்.

"இந்தாங்கோ, எல்லாரும் ஒவ்வொண்டு பிடியுங்கோ" என்று அந்த மூன்று பெண்களுக்கும் கொடுத்தாள். அல்பிரட்டுக்கு ஒன்று. கமலேஸ்வரிக்கு ஒன்று.

"எனக்கேன் பிள்ளை?" என்றார் அல்பிரட். "என்ரை ஈரல் கல்லு மாதிரி."

"கல்லு மாதிரி இருந்தால்தான் அண்ணை பிரச்சினை. மூண்டாம் பக்கத்திலை கிடக்குது, பாருங்கோ. இரத்தத்தாலைதான் பரவும். கப்பாலை, கோப்பையாலை, சமையலாலை பரவாது. அதையும் பாருங்கோ, ஆருக்கும் கடதாசிக் கப் குடுக்கத் தேவையில்லை. நாலாம் பக்கத்தை எல்லாரும் கட்டாயம் வாசியுங்கோ. ஆஸ்பத்திரி மருந்தோடை நாட்டு மருந்து சேத்தால் ஈரல் பழுதாகலாம். டொக்டரைக் கேக்காமல் ஒரு பொடியும் குடுக்கப்படாது."

கமலேஸ்வரி தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"உமக்கு வாய் நீளமெண்டு என்ரை மனிசன் சொன்னது சரிதான். சபையிலை வைச்சு எங்களைக் குத்திக் காட்டுறீரோ?"

"அக்கா, நான் ஒருத்தற்றை பெயரும் சொல்லேல்லை." சத்தியபாமாவின் குரல் உயர்ந்தது. "பெயர் எழுதினது உங்கடை கையிலை கிடக்குது. திருப்பி ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ. இதை எத்தினை பேர் வாசிச்சவை எண்டும் எண்ணிப் பாருங்கோ. அவையளே கையெழுத்தும் போட்டிருக்கினம்."

கமலேஸ்வரி தகரத்தை மெல்லத் திருப்பினாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஹவுகன்ஸ்டுவா வரை ஏழு பெயர். அவள் வாய் அசைந்து எண்ணியது. பிறகு சால்வையைக் கழற்றித் தகரத்தைச் சுற்றினாள், யாரோ இனிமேல்தான் அதைப் பார்க்கப்போவது போல.

*

நான்கு நாள் கழித்து அலுவலகம் அழைத்தது. நோயாளி மருத்துவமனைக்கு நேரில் வந்து உட்கார்ந்துவிட்டாராம், உங்கள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், போக முடியுமா?

"விசாரணை முடிந்துவிட்டதா?"

"இல்லை. ஆனால் அவர் எழும்ப மறுக்கிறார்."

பத்மநாதன் பாதியாக மெலிந்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. சத்தியபாமா தன் கதிரையில் உட்கார்ந்து, இரகசியம் பற்றிய விதியை முதல் நாள் சொன்னது போலவே முழுவதும் சொன்னாள். ஒரு சொல்லையும் அவள் விடவில்லை. அவர் தலை குனிந்து கேட்டார்.

"டொக்டரிட்டைச் சொல்லுங்கோ, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு."

"ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டது" என்றாள் நோர்வேஜியனில். 'சின்ன' என்பதையும் விடாமல் சொன்னாள்.

"யாருடைய பிழை?" என்று மருத்துவர் கேட்டார்.

பத்மநாதன் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசியில் கொஞ்சம் பொடியை எடுத்து மேசையில் வைத்தார். "மனிசி மல்லித்தண்ணி எண்டு தந்தவ. எனக்குத் தெரியாது. இப்ப நிப்பாட்டியாச்சு." மருத்துவர் அதை முகர்ந்து பார்த்தார், அளவுகள் ஏறிய திகதிகளைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். இதுவாக இருக்கலாம், இன்று இரத்தம் எடுத்துப் பார்ப்போம், ஊசி தவறவில்லையே என்றார். தவறவில்லை. கடைசி ஊசி நேற்றுப் போட்டாராம்.

"மற்ற விஷயம்?" என்றார் மருத்துவர். "முறைப்பாடு?"

பத்மநாதன் மேசையைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான்தான் விசாரியாமல் அநியாயமாய்ப் பழி போட்டனான்."

சத்தியபாமா நேரே மருத்துவரைப் பார்த்து மொழிபெயர்த்தாள்: "இந்தப் பெண் யாருக்கும் சொல்லவில்லை. நான்தான் விசாரிக்காமல் அநியாயமாகப் பழி போட்டேன்." தன் மீது போட்ட பழிக்குத் தன் வாயாலேயே, 'நான்' என்று சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

மருத்துவர் அவளிடம் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அதையும் அவள் தமிழில் பத்மநாதனுக்குச் சொன்னாள். பிறகு இரண்டு மொழியிலும் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே சொல்ல ஒன்றும் இல்லை."

வெளியே நடைபாதையில் அவர் பின்னால் வந்தார்.

"தங்கச்சி, சனத்துக்கு நான் சொல்லுறன், நீங்கள் சொல்லேல்லை எண்டு."

இப்போது அவள் யாருக்கும் மொழிபெயர்ப்பாளர் இல்லை.

"எதை அண்ணை? எதை நான் சொல்லேல்லை எண்டு சொல்லுவியள்?"

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மூண்டு கிழமையாய் நான் வீட்டிலை. அது போகட்டும். ஒரு தாய் தன்ரை நெஞ்சிலை கிடக்கிற கட்டியைச் சொல்லப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. ஏன் தெரியுமோ? தொல்க் எண்டால் கதைச்சுப்போடுவாள் எண்டு நீங்கள் நாலு சொல்லு சொன்னியள். அந்த நாலு சொல்லையும் திருப்பி எடுக்க நான் வாய் திறக்கேலாது. ஆருக்கு ஏலும் எண்டு நீங்களே யோசியுங்கோ."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தியபாமா அவரை உட்காரச் சொல்லவில்லை. படியிறங்கிப் போனாள்.

*

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே வரி: விடயம் முடிவுற்றது. வருந்துகிறோம் என்ற சொல் அதில் இல்லை. சத்தியபாமா பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கபிலன் வெங்காய மணத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தான். அன்று ரொம்சோஸ் மண்டபத்தில் ஒரு திருமண வரவேற்புக்கு மரக்கறி வெட்டு.

"இஞ்சாரும், சங்கதி தெரியுமோ? பத்மநாதன் அண்ணை கத்தியோடை வந்து நிண்டார். யோகராணி அக்கா அந்தக் கடதாசிக் கப்பை நீட்ட, அண்ணை வாங்கேல்லை. நேரை அலுமாரியைத் திறந்து பீங்கான் கப் ஒண்டை எடுத்தார். 'மகேசன், எனக்கு ஹெபடைடிஸ் சி. ஏத்தின இரத்தத்தாலை வந்தது. கப்பாலை வராது. தனிப் பேணிக்கு மறியல் செய்து அடி வாங்கின முழங்காலைக் கொஞ்சம் காட்டு பாப்பம்' எண்டார். பிறகு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார், கதை பரவினது தன்ரை வீட்டுத் தகரத்தாலை, சத்தியபாமாவாலை இல்லை எண்டு."

"மகேசன் அண்ணை என்ன சொன்னவர்?"

"அவர் என்ன சொல்லுறது? வெங்காயம் கண்ணைக் கரிக்குது எண்டு வெளியிலை போட்டார். ஒரு ஆறேழு பேர் இருந்து வெட்டுகினம். நாலு பேர் அலுவல் இருக்கெண்டு வெளிக்கிட்டிட்டினம். அவையள் இனிச் சாப்பிடவும் வராயினமாம்."

"அப்பிடியோ?" என்றாள் சத்தியபாமா.

"என்ன அப்பிடியோ? உமக்கு ஆச்சரியமாய் இல்லையோ?"

"அவருக்கு உப்பிடி ஒரு வருத்தம் இருக்கெண்டு இப்பதானே கேள்விப்படுறன். எப்ப ஏத்தின இரத்தமாம்?"

கபிலன் உற்சாகமாகக் கதிரையை இழுத்துப் போட்டான். "எண்பத்தாறிலை. கையிலை ஷெல் பட்டு."

எண்பத்தேழில். தொடையில். சத்தியபாமா திருத்தவில்லை. சோறு போடத் தட்டை எடுத்தாள்.